4 அடி உப்புத்தண்ணீர் தொட்டி: மணல் போடுவதா, வெறும் கண்ணாடியாக விடுவதா?

பழையபேட்டை பையன்

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். எட்டு வருடமாக நன்னீர் மீன்தான் வளர்க்கிறேன். கப்பியில் ஆரம்பித்து ஏஞ்சல், டிஸ்கஸ் என்று போய், கடைசியாக ஒரே ஒரு ஆஸ்கர் வைத்திருந்தேன். போன மாதம் அதுவும் போய்ச் சேர்ந்தது. காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் சாப்பிட்டேன். சரி, இந்த முறை உப்புத்தண்ணீர் என்று முடிவு செய்துவிட்டேன்.

தொட்டி 4 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி. கணக்குப்படி 255 லிட்டர். கல்லும் மேலே விடும் இடமும் போக 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆர்ஓ மாட்டியாகிவிட்டது. உப்பு வாங்கியாகிவிட்டது. தொட்டிக்குள் அடுக்கும் காய்ந்த கடல் கல் 22 கிலோ பெங்களூருவில் இருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டார், அது வேறு கதை.

மாட்டிக்கொண்டது தரையில். மணல் போட வேண்டுமா, வெறும் கண்ணாடியாக விட வேண்டுமா?

கல் கொடுத்த கடைக்காரர், "மணல் இல்லாவிட்டால் கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா எங்கே சார் உட்காரும்?" என்கிறார். மணலையும் அவரே விற்கிறார் என்பதால் அதை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. என் மாமனார் கட்டட வேலை மேற்பார்வை. "எத்தனை மூட்டை வேணும் மாப்பிள்ளை, எம்-சாண்ட் நான் இறக்குறேன்" என்கிறார். கிரானைட் பாலிஷ் பட்டறையில் இருக்கும் நண்பன், தொட்டி அளவுக்கே கருப்பு ஸ்லாப் அறுத்துத் தருகிறேன் என்கிறான். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகும் அம்மா, "கடல் மண்ணு ஒரு மூட்டை கட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்கிறார். வீட்டுக்காரி கட்சி தனி: "கடல்னா அடியில மணல் இருக்கணும். இல்லைன்னா அது தொட்டி இல்லை, கழுவி வெச்ச பாத்திரம்."

முதலில் விட நினைப்பது: கிளவுன் மீன் ஜோடி, மஞ்சள் ராஸ் மீன் ஒன்று, ஒரு கிளீனர் இறால். ஆறு மாதம் கழித்து ஏதாவது மென்பவளம். எங்கள் பக்கம் வெயில் காலத்தில் கரண்ட் கட் உண்டு. இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கும். வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தொட்டிக்கு நேரம் ஒதுக்க முடியும்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்

கிரானைட் ஸ்லாப் போட்டு, முன்னால் குத்துவிளக்கு ஏற்றி, பால் காய்ச்சிவிடலாம் பாஸ்.

விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அளவுக்கு 20 மில்லிமீட்டர் ஸ்லாப் கிட்டத்தட்ட 29 கிலோ வரும். கிரானைட் தண்ணீரைப் பெரிதாகக் கெடுக்காது, அது பிரச்சினை இல்லை. ஸ்லாபுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருக்குமே, அங்கே போகிற அழுக்கை எந்தக் குழாய் போட்டு உறிஞ்சுவீர்கள்? ஸ்லாபைத் தூக்க வேண்டுமென்றால் மேலே இருக்கும் 22 கிலோ கல்லை முதலில் இறக்க வேண்டும். வேண்டாம்.

தகடூரான்

தம்பி, தர்மபுரியில் இருந்து எழுதுகிறேன். பதினோரு வருடமாக உப்புத் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் முதல் நான்கு வருடம் மணல், அடுத்த ஏழு வருடம் வெறும் கண்ணாடி. இரண்டு கட்சியிலும் இருந்தவன்.

முதலில் மணலை ஏன் விட்டேன் என்று சொல்கிறேன். நான் ஆரம்பித்தபோது ஆழமான மணல் படுக்கைதான் பெரிய பேச்சு. நாலு அங்குலம், ஆறு அங்குலம் போட்டால் அடி மணலில் ஆக்சிஜன் இருக்காது, அங்கே வாழும் பாக்டீரியா, மீன் கழிவால் சேரும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றிவிடும் என்பார்கள். பொய்யில்லை, உண்மையாகவே வேலை செய்யும். என் தொட்டியிலும் நான்கு வருடம் நைட்ரேட் ஏறவே இல்லை. நானும் கையை விட்டுக் கிளறியதே இல்லை. "தொடாதே" என்று சொல்லியிருந்தார்கள், தொடவில்லை.

அப்புறம் நல்லம்பள்ளியில் இருந்து டவுனுக்கு வீடு மாற்றினோம். மீன்களைப் பக்கெட்டில் பிடித்துவிட்டு, தண்ணீரை மணலுக்கு மேல் இரண்டு விரல்கடை விட்டு இறைத்து, நாலு பேர் சேர்ந்து தொட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். மணலோடு அப்படியே. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்தது, மணல் மொத்தமும் ஒரு மூலைக்கு வழிந்தது. உள்ளே கருப்பாக, சைக்கிள் செயின் கிரீஸ் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. கூழ்முட்டை நாற்றம் அடித்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. பழைய தொட்டி, நாறத்தானே செய்யும் என்று நினைத்தேன். மணலைக் கையால் சமப்படுத்தி, தண்ணீர் ஊற்றி, இரவு ஏழு மணிக்கு மீன்களை விட்டேன். மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. விடிவதற்குள் ஆறில் ஐந்து போய்விட்டது. பிழைத்தது ஒரு டாம்செல். டாம்செல் எமனையே வாசலோடு திருப்பி அனுப்பும், அது கணக்கில் வராது.

அந்த மணலை வாரிக் கொட்டும்போது வந்த கோபத்தில்தான் வெறும் கண்ணாடிக்கு வந்தேன். கோபத்தில் எடுத்த முடிவு என்றாலும் அதோடு ஏழு வருடம் வாழ முடிந்திருக்கிறது.

வெறும் தரையில் முதலில் தெரிவது, மீன் எவ்வளவு கழிகிறது என்பது. மணலில் அது எங்கே போகிறது என்றே தெரியாது. இங்கே கண் முன்னால் உருண்டு வந்து ஒரு மூலையில் குவியும். எங்கள் வீட்டில் அது வலது பின்மூலை. ஞாயிற்றுக்கிழமை அரை அங்குலக் குழாயை அங்கே வைத்தால் முதல் பக்கெட் டீ டிக்காஷன் நிறத்தில் வரும், இரண்டாவது பக்கெட் தெளிந்துவிடும். பத்து நிமிடம். பம்பையும் தைரியமாகக் கூட்டி வைக்கலாம், மணல் பறக்குமே என்ற பயம் இல்லை.

பாக்டீரியாவுக்கு இடம் கல்லிலேயே இருக்கிறது. உங்கள் 22 கிலோ கல் உள்ளுக்குள் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். 200 லிட்டருக்கும் நாலு சின்ன மீனுக்கும் அது தாராளம்.

குறையும் உண்டு. முதல் மூன்று மாதம் அசிங்கமாக இருக்கும். கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து என் ஆண் கிளவுன் சண்டைக்குப் போனது. இதற்கு ஒரு வழி: தெர்மாகோல் மேல் தொட்டியை வைக்கும் முன், அடியில் வெளிப்பக்கமாக மணல் நிற சார்ட் பேப்பர் ஒட்டிவிடுங்கள். வருடம் ஒன்று ஒன்றரை ஆனால் கல்லில் வளரும் ஊதாப் பாசி, அந்தச் சுண்ணாம்புப் பாசி, தரைக்கும் இறங்கிவிடும். இப்போது என் தொட்டித் தரை நாவல்பழம் நசுக்கிப் பூசியது போல இருக்கிறது. கண்ணாடி எங்கே என்று தேட வேண்டும்.

எம்-சாண்ட் பற்றி. மாமனார் மனம் கோணாமல் மறுத்துவிடுங்கள். அது உடைத்த கருங்கல், விளிம்பெல்லாம் கூர். ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள், ஒரு குமிழி வராது. அரகோனைட் மணலோ சிப்பித் தூளோ என்றால் சோடா மாதிரி பொங்கும், அது கால்சியம் கார்பனேட். அப்புறம் ஒரு காந்தத்தைப் பாலிதீன் கவரில் சுற்றி எம்-சாண்டுக்குள் இழுத்துப் பாருங்கள். கருப்பாக மீசை முளைக்கும். அதைக் கடல் தண்ணீருக்குள் போட மனசு வருமா?

இப்போது முக்கியமான விஷயம். மேலே யாரும் கவனிக்கவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் மீன் பட்டியலிலேயே இருக்கிறது: மஞ்சள் ராஸ். அது மணலுக்குள் புதைந்துதான் தூங்கும். பயந்தாலும் மணலுக்குள்தான் பாயும். கிளவுனுக்குத் தரையைப் பற்றி அக்கறையே இல்லை, அதற்கு ஒரு மூலை போதும். ராஸ் அப்படி இல்லை.

வெறும் தரை போட்ட இரண்டாவது வருடம் ஆசைப்பட்டு ஒன்றை வாங்கிவந்தேன். முதல் நாள் சாயந்திரம் லைட் அணைய அரை மணி இருக்கும்போது, தலையைச் சாய்த்துக் கண்ணாடித் தரையில் டொக் டொக் என்று குத்த ஆரம்பித்தது. அது குத்துவது வெளியே உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்டது. அடுத்த நாள் காலை மூக்கில் வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது. பாவமாகிவிட்டது. என் பையனின் பழைய டிபன் பாக்ஸ், நாலு அங்குல உயரம், அதில் பொடி அரகோனைட் மணலை மூன்று அங்குலம் நிரப்பிக் கல்லுக்குப் பின்னால் இறக்கினேன். மீன் அதைச் சுற்றி இரண்டு முறை வந்தது. விளிம்பில் நின்று ஒரு கண்ணால் உள்ளே பார்த்தது. அப்புறம் சரேல் என்று தலைகீழாகப் பாய்ந்தது. கொஞ்சம் மணல் எழும்பி அடங்கியது, அவ்வளவுதான், மீனைக் காணோம். மூன்று வருடம் அந்த டப்பாவில்தான் தூங்கியது. லைட் ஏழு மணிக்கு அணையும், ஆறே முக்காலுக்கே வீட்டுக்குப் போய்விடும்.

ஓசூர் ரோஜா

தகடூரான் அண்ணா சொன்ன கதை வருத்தமானதுதான், ஆனால் அதில் குற்றவாளி மணல் இல்லையே. நான்கு வருடம் தொடாத நாலு அங்குல மணல், அதுவும் ஒரே நாளில் கவிழ்த்தது! வீடு மாற்றினால் பழைய மணலைக் கொட்டிவிடணும், இல்லையென்றால் தண்ணீர் தெளியும்வரை அலசணும். அதைச் செய்திருந்தால் அந்த ஐந்தும் பிழைத்திருக்கும்.

நான் போட்டிருப்பது ஒன்றேகால் அங்குலம். ஆழ மணல் இல்லை, சும்மா ஒரு விரிப்பு. உங்கள் தொட்டிக்கு ஓர் அங்குலம் போட ஏறத்தாழ 20 கிலோ ஆகும். குருணை 1 முதல் 2 மில்லிமீட்டர் வாங்குங்கள். சர்க்கரை போல் பொடியாக வாங்கினால் பம்ப் கிளப்பும் நீரோட்டத்தில் ஒரு பக்கம் மேடாகும், மறுபக்கம் கண்ணாடி தெரியும், தினமும் பாலைவனம் மாதிரி இடம் மாறும். கல்லை முதலில் கண்ணாடி மேல் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் சுற்றி மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால், குழி தோண்டுகிற மீனோ இறாலோ அடியைப் பறித்துவிடும். ஒரு நாள் நடுராத்திரி கல் சரிந்து கண்ணாடியில் இடிக்கும்.

வாரா வாரம் கால் பங்கு மணலை மட்டும் குழாயால் குத்திக் கிளறி அழுக்கை எடுக்கிறேன். இந்த வாரம் இந்தப் பக்கம், அடுத்த வாரம் அந்தப் பக்கம். நசாரியஸ் நத்தை எட்டு விட்டிருக்கிறேன். தீனி போட்ட உடனே மணலுக்குள் இருந்து தும்பிக்கையை நீட்டிக்கொண்டு எல்லாம் ஒன்றாக எழுந்து வரும். என் மகளுக்கு மீனைவிட அதுதான் பிடிக்கும்.

எனக்கு மணல் ஏன் வேண்டும் என்றால், காவல்கார கோபி மீனும் பிஸ்டல் இறாலும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது நாள் முழுக்க வளை தோண்டி, புல்டோசர் மாதிரி மணலை வெளியே தள்ளும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் ஒரு மீசையை எப்போதும் கோபியின் மேல் வைத்திருக்கும். ஆபத்து வந்தால் கோபி வாலை ஒரு துடி துடிக்கும், இரண்டும் உள்ளே. இதை வெறும் கண்ணாடியில் எப்படிப் பார்ப்பது? தூசி இல்லாத தரையைப் பார்க்கத்தான் வீட்டில் டைல்ஸ் இருக்கிறதே.

இன்னொன்று. புதுத் தொட்டியில் மணல் மேல் காபித்தூள் போல ஒரு படலம் வரும். டயட்டம் என்ற நுண்பாசி. பயப்படாதீர்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் கருங்கல் பாறையில் ஊறி வருவது, சிலிக்கா அதிகம், டயட்டத்துக்கு அதுதான் சாப்பாடு. ஆர்ஓ மெம்பிரேன் முழுதாக நிறுத்தாது, கடைசியில், மிச்சம் கரைந்திருப்பதைப் பிடிக்கும் ஒரு டிஐ ரெசின் வேண்டும். ரெசின் தீரும்போது முதலில் கசிவதும் சிலிக்காதான். அதனால் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் படலம் திரும்ப வந்தால் ரெசினைச் சந்தேகப்படுங்கள்.

தகடூரான்

தங்கை சொல்வது சரி. கவிழ்த்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இறால்-கோபி கதையைச் சொல்லி எத்தனை பேரை மணலுக்கு இழுத்திருப்பீர்கள்!

தண்ணீர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. எங்கள் மாவட்டம் என்றாலே ஃப்ளோரைடு என்பார்கள். அதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. உப்புத் தொட்டிக்காரனுக்கு அது பெரிய பயம் இல்லை, கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு ஃப்ளோரைடு உண்டு. நமக்குப் பகை சிலிக்காவும் நைட்ரேட்டும்தான். ரோஜா சொன்ன டிஐயை மாட்டுங்கள்.

மணி டீச்சர், பென்னாகரம்

எல்லோரும் தரையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அம்மா கொண்டுவரப்போகும் மூட்டையை யாரும் கேட்கவில்லை.

தம்பி, ராமேஸ்வரத்து மணல் காசிக்குப் போகட்டும், கிருஷ்ணகிரிக்கு வேண்டாம். அங்கே ஒரு பக்கம் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவு. கடினப் பவளங்கள் எல்லாம் 2001இல் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மணலோடு ஒரு துண்டு பவளம் பையில் வந்துவிட்டால் அம்மாதான் பதில் சொல்ல வேண்டும். அது போகட்டும், பயனும் இல்லை. நம் கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதோடு எந்தப் படகு டீசலும் எந்தச் சாக்கடையும் கலந்ததோ. அம்மா தீர்த்தம் மட்டும் கொண்டுவரட்டும்.

பழையபேட்டை பையன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் படித்துப் படித்துத் தலை சுற்றுகிறது.

வினிகர் சோதனையை மாமனார் முன்னாலேயே செய்தேன். ஒரு தட்டில் எம்-சாண்ட், இன்னொரு தட்டில் கடைக்காரர் சாம்பிளுக்குக் கொடுத்த மணல். அது நுரைத்தது, இது கம்மென்று கிடந்தது. அவர் அசரவில்லை. "கட்டடத்துக்கு நுரைச்சாத்தான் மாப்பிள்ளை தப்பு" என்றார். காந்தம் மட்டும் அவருக்குப் பிடித்துவிட்டது. இப்போது சைட்டுக்கு வரும் ஒவ்வொரு லோடிலும் இழுத்துப் பார்க்கிறாராம்.

என் நிலைமை: ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம், அதிலும் பாதி நாள் கல்யாணம், காதுகுத்து. கால் கால் பங்காகக் கிளறுவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. கரண்ட் வேறு போகும். அதனால் வெறும் கண்ணாடி, அடியில் மணல் நிற சார்ட், ராஸுக்கு ஒரு டப்பா என்று நினைக்கிறேன். வீட்டுக்காரியிடம் டப்பாவில் மணல் இருக்கும் என்று சொல்லிச் சமாதானம் செய்துவிட்டேன். "அப்ப அந்த டப்பா முன்னாடி இருக்கணும்" என்கிறாள்.

டப்பா என்ன அளவு? எப்போது கழுவ வேண்டும்?

தகடூரான்

நீளம் ஒரு சாண், அகலம் முக்கால் சாண், உயரம் நாலு அங்குலம். நிறமில்லாத கண்ணாடி பாத்திரம் கிடைத்தால் நல்லது, பிளாஸ்டிக் என்றால் மணல் நிறைத்தபின்தான் அடியில் நிற்கும். ரோஜா சொன்ன பெரிய குருணை இதற்கு வேண்டாம், ராஸ் மூக்கு உரசும். ஒரு மில்லிமீட்டருக்குள் பொடி மணல் போடுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, தொட்டியில் இருந்து இறைத்த உப்புத்தண்ணீரிலேயே அலசுங்கள். காலை பத்து மணிக்கு மேல் எடுங்கள். நான் ஒருமுறை சீக்கிரமாகத் தூக்கிவிட்டேன், மீன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. சிங்க்கில் கவிழ்த்தபோது மஞ்சளாகத் துள்ளியது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

வாங்கிவந்த உடனே இரண்டு மூன்று நாள் காணாமல் போகும். டப்பாவைக் கிளறித் தேடாதீர்கள். வரும்.

கரண்ட் கட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வைத்துவிடுங்கள்.

ஓசூர் ரோஜா

டப்பாவை முன்னால் வைக்கச் சொன்ன அண்ணியை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு வருடத்தில் முழு மணலுக்கு வந்துவிடுவீர்கள், பார்க்கலாம்.

காவேரிப்பட்டணத்தான்

பாஸ், தரை எல்லாம் முடிந்தது. மேலே என்ன போடப்போகிறீர்கள்? ராஸ் குதிக்கும். சின்ன இடைவெளி இருந்தாலும் போதும், காலையில் சோபாவுக்கு அடியில் கருவாடுதான்.

பழையபேட்டை பையன்

அதை யாரும் சொல்லவே இல்லையே! கொசுவலை போதுமா?

காவேரிப்பட்டணத்தான்

கொசுவலை வெளிச்சத்தை மறைக்கும், உப்புப் படிந்தால் அடைத்தும் கொள்ளும். கால் அங்குலக் கண்ணி நைலான் வலை வாங்கி, ஜன்னலுக்குப் போடும் அலுமினியச் சட்டத்தில் இழுத்து மாட்டுங்கள். அளவு எடுத்துக்கொண்டு வாருங்கள், நம்ம கடையிலேயே அறுத்துத் தருகிறேன். பஸ்ஸில் கொண்டுபோனால் லக்கேஜ் டிக்கெட் போடுவார்கள், பைக்கில் வாருங்கள்.